ப்ராக் போய் ப்ராக் வந்தார்: ஒன்பது ராணுவ முகாம்களின் பெயர் மாற்றம், ஒரு நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரி 10 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போகும் சி-17 ராணுவ விமானத்தில் இருந்தார். பறந்துகொண்டே ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வட கரோலினாவின் ஃபோர்ட் லிபர்ட்டி மறுபடியும் ஃபோர்ட் ப்ராக் ஆனது. ப்ராக் திரும்பிவிட்டது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். உத்தரவைப் படித்தவர்களுக்குத்தான் சங்கதி விளங்கியது. அந்த முகாமுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர் கொடுத்திருந்த ஜெனரல் ப்ராக்ஸ்டன் ப்ராக் அதில் எங்குமே இல்லை. இந்த ப்ராக் வேறு ஆள். மெய்ன் மாநிலத்துக்காரர், இரண்டாம் உலகப் போரில் சாதாரணச் சிப்பாய், பெயர் ரோலண்ட் ப்ராக்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு தந்திரம். ஆனால் பத்து வருடமாக நடந்த வாதத்தில் யார் ஜெயித்தார் என்று கேட்டால், என் பதில் இந்த உத்தரவுக்குள்ளேயே இருக்கிறது. பழைய பெயர் வேண்டும் என்று போராடியவர்களால்கூடப் பழைய மனிதரைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஏன் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யார் இந்த ஒன்பது பேர்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காப்பாற்றத் தனிநாடு அறிவித்த தென் மாநிலங்களின் படைக்கு கான்ஃபெடரேட் படை என்று பெயர். அந்தப் படையின் தளபதிகள் பெயரில் அமெரிக்க ராணுவத்துக்கு 2023 வரை ஒன்பது முகாம்கள் இருந்தன: ப்ராக், பென்னிங், கார்டன், லீ, ஹூட், போக், ரக்கர், பிக்கெட், ஏ.பி. ஹில். எல்லாம் தென் மாநிலங்களில். சும்மா மூலையில் கிடந்த முகாம்களும் இல்லை. ப்ராக்கில் மட்டும் சுமார் 50,000 படைவீரர்கள். காலாட்படைப் பயிற்சிக்கு பென்னிங், ஹெலிகாப்டர் பயிற்சிக்கு ரக்கர், கவசப் படைக்கு ஹூட். அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த யாரும் வாழ்நாளில் இவற்றில் ஏதாவது ஒன்றின் வாசலை மிதித்திருப்பார்கள்.

எதிரிப் படைத் தளபதியின் பெயரை ஒரு ராணுவம் தன் முகாமுக்கே வைக்குமா? வைத்தது. முதல் உலகப் போருக்கு அவசரமாக ஆள் திரட்டியபோது சில, இரண்டாம் உலகப் போருக்குத் திரட்டியபோது மீதி. முகாம் போட நிலம் வேண்டும், அரசியல் ஆதரவு வேண்டும், உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் சம்மதம் வேண்டும். பெயர் சின்னதாக இருக்க வேண்டும், அந்த வட்டாரத்து மக்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் அப்போதைய ராணுவத்தின் அளவுகோல். வட்டாரத்து மக்கள் என்றால் வெள்ளையர்கள். அந்த மாநிலங்களில் கறுப்பர்களுக்குப் பெரும்பாலும் ஓட்டே கிடையாது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. 1941இல் பென்னிங் முகாமுக்குள்ளேயே ஃபெலிக்ஸ் ஹால் என்ற 19 வயது கறுப்பினச் சிப்பாய் மரத்தில் தூக்கில் தொங்கவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டார். அந்தக் காலத்துப் பெயர்கள் இவை.

சரி, வீரத்துக்காகவாவது வைத்தார்களா என்று பார்த்தால் அதுவும் பெரிதாகத் தேறவில்லை. ப்ராக்ஸ்டன் ப்ராக் அந்தப் போரின் மோசமான தளபதிகள் பட்டியலில் தவறாமல் வருபவர். 1863 நவம்பரில் சாட்டனூகாவில் தோற்று பதவியை விட்டார். லூயிசியானாவில் அவருடைய கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் வேலை செய்தார்கள். அவருடைய சிடுசிடுப்பைப் பற்றி ராணுவத்தில் ஒரு கதை உலவியது. ஒரு சிறு முகாமில் அவர்தான் படைப்பிரிவின் தலைவர், அவரேதான் பொருள் வழங்கும் அதிகாரியும். படைத்தலைவராகப் பொருள் கேட்டு எழுதுவார்; வழங்கல் அதிகாரியாக அதை மறுத்து எழுதுவார்; மறுத்ததற்கு ஆட்சேபம் தெரிவித்து மறுபடி எழுதுவார். கடைசியில் கடிதக் கட்டு முழுவதும் முகாம் தலைவரிடம் போனது. படையில் உள்ள எல்லா அதிகாரிகளோடும் சண்டை போட்டு முடித்து இப்போது உங்களோடேயே சண்டையா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டாராம். நடந்ததோ இல்லையோ, சக அதிகாரிகள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இந்தக் கதையே போதும்.

ஹென்றி பென்னிங் தொழில்முறை ராணுவத்தாரே இல்லை, ஜார்ஜியாவின் நீதிபதி. 1861இல் வர்ஜீனியா மாநிலத்தைப் பிரிவினைக்கு இழுக்கப் போனவர், அடிமை முறை ஒழியாமல் தடுக்கப் பிரிவதைத் தவிர வழியில்லை என்று பேசினார். போர் மாநில உரிமைக்காகத்தான் நடந்தது என்று பின்னால் வந்தவர்கள் பூசி மெழுகியதை அவர் பேச்சே கலைத்துவிடும். பிக்கெட் 1864இல் வட கரோலினாவின் கின்ஸ்டனில், பிடிபட்ட 22 பேரைத் தூக்கில் போட்டார். லியோனிடஸ் போக் ஒரு பிஷப். பீரங்கிக் குண்டுபட்டுச் செத்தார். ஹூட் அட்லாண்டாவைக் கோட்டைவிட்டவர். பெரும் தளபதி என்று சொல்லத் தகுந்தவர் லீ ஒருவர்தான். அவரும் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறித்தான் எதிரணிக்குப் போனார்.

ராணுவம் மழுப்பிய காலம்

2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பர்கள் கொல்லப்பட்ட பிறகு இந்தப் பெயர்கள் பற்றிய கேள்வி எழுந்தது. இவை தனி மனிதர்களைக் குறிப்பவை, எந்தக் கொள்கையையும் குறிப்பவை அல்ல என்று ராணுவம் பதில் சொன்னது. 2017இல் புரூக்ளினில் உள்ள ஒரு முகாமின் தெருவுக்கு இருந்த லீயின் பெயரை எடுக்கச் சொன்னபோது, எடுத்தால் சர்ச்சை வரும், பிளவு வரும் என்றது. பெயர் இருப்பதில் சர்ச்சை இல்லையாம், எடுத்தால்தான் வருமாம்.

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலை இந்த மழுப்பலுக்கு முடிவு கட்டியது. ராணுவத்தின் தலைமையே பேசத் தயார் என்றது. ஜூன் 10 அன்று அதிபர் டிரம்ப், இந்த முகாம்களின் பெயரை மாற்றுவதைப் பரிசீலிக்கக்கூட மாட்டேன் என்று அறிவித்தார். இங்கிருந்துதான் இரண்டு உலகப் போர்களுக்கு வீரர்கள் போனார்கள், வெற்றியின் வரலாறு இது என்பது அவர் வாதம்.

அடுத்த மாதம் முப்படைத் தலைமைத் தளபதி மார்க் மில்லி நாடாளுமன்றக் குழுவின் முன்னால் நேரெதிராகப் பேசினார். கான்ஃபெடரேட் தளபதிகள் செய்தது கலகம், அன்றைய நிலையில் தேசத்துரோகம், சத்தியத்துக்கு முதுகு காட்டியது என்றார். ராணுவத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பர் என்பதையும் நினைவூட்டினார். ப்ராக் முகாமில் முன்பு ஒரு சார்ஜென்ட் தன்னிடம் சொன்னதையும் சொன்னார்: என் முன்னோரை அடிமையாக வைத்திருந்த ஆளின் பெயர் போட்ட முகாமுக்குத்தான் தினமும் வேலைக்கு வருகிறேன். பதவியில் இருக்கும் அதிபர் ஒரு நிலை எடுத்த பிறகு, சீருடையில் இருப்பவர் இப்படிப் பகிரங்கமாகப் பேசுவது அங்கே அபூர்வம்.

செனட்டர் எலிசபெத் வாரன் கொண்டுவந்த திருத்தம் பாதுகாப்புச் செலவுச் சட்டத்தில் சேர்ந்தது. டிசம்பர் 23 அன்று டிரம்ப் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் அவையில் 322க்கு 87, செனட்டில் 81க்கு 13 என்ற கணக்கில் அந்த வீட்டோ முறியடிக்கப்பட்டது. அவருடைய முதல் ஆட்சிக் காலத்தில் முறியடிக்கப்பட்ட ஒரே வீட்டோ இதுதான். அவர் கட்சிக்காரர்களே பெரும்பான்மையாக எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். சட்டத்தின் 370ஆம் பிரிவு சொன்னது இவ்வளவுதான்: கான்ஃபெடரசியையோ அதில் விரும்பிப் பணியாற்றியவர்களையோ கௌரவிக்கும் பெயர்கள், சின்னங்கள் எல்லாம் மூன்று ஆண்டுகளுக்குள் ராணுவ உடைமைகளிலிருந்து போக வேண்டும். அதற்கு எட்டுப் பேர் கொண்ட ஆணையம்.

ஆணையம் வேலை செய்த விதம்

ஆணையத்தின் தொடக்கமே இழுபறி. பதவி முடியும் தறுவாயில் டிரம்ப் நிர்வாகம் நான்கு பேரை நியமித்தது. புதிய அமைச்சர் லாயிட் ஆஸ்டின் வந்ததும் அவர்களை எடுத்துவிட்டு வேறு நான்கு பேரைப் போட்டார். தலைவர், ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல் மிஷெல் ஹாவர்ட். துணைத் தலைவர், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்த டை சைடுல்.

அதன்பின் வேலை ஒழுங்காக நடந்தது. பொதுமக்களிடமிருந்து 34,000க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்தன. தனித்தனிப் பெயர்களாகப் பிரித்தால் 3,600க்கு மேல். அதை 87 ஆக்கி, முகாம் இருக்கும் ஊர்களுக்கே போய் மக்களோடு உட்கார்ந்து பேசி, 2022 மே மாதம் ஒன்பது பெயர்களை அறிவித்தார்கள். ஒன்பது முகாம்களுக்கும் சேர்த்துச் செலவு சுமார் 2.1 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். பணம் வீண் என்று கத்தியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: இந்தத் திருத்தம் வந்து சேர்ந்த சட்டத்தின் மொத்த மதிப்பு 74,000 கோடி டாலர்.

தேர்ந்தெடுத்த பெயர்களைப் பார்த்தால் ஆணையத்தின் பார்வை புரியும். ஹூட் போய் ரிச்சர்ட் கவாஸோஸ் வந்தார். டெக்சஸ் பண்ணை மேற்பார்வையாளர் ஒருவரின் மகன், லத்தீன் இனத்தில் முதல் நான்கு நட்சத்திர ஜெனரல். போக் முகாம், முதல் உலகப் போரில் கத்தியோடு ஜெர்மானியர்களை விரட்டிய கறுப்பினச் சிப்பாய் ஹென்றி ஜான்சனுக்குப் போனது. பென்னிங்குக்கு ஹால் மூர், ஜூலியா மூர் தம்பதி. ஹால் 1965இல் வியட்நாமின் இயா டிராங்கில் போரிட்டவர். வீரர் இறந்த சேதித் தந்திகளை டாக்சி ஓட்டுநர்கள் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஜூலியா அந்த வீடுகளுக்குத் தானே போய் ஆறுதல் சொன்னார். அந்த வழக்கம் மாறவும் அவர் காரணமாக இருந்தார். ஒரு ராணுவ வீரரின் மனைவிக்கு அந்த அளவு மரியாதை அதற்குமுன் கிடைத்ததில்லை.

பிக்கெட் முகாம் வேன் பார்ஃபுட்டின் பெயருக்கு மாறியது. இவர் 1944இல் இத்தாலியில் தனியாளாக எந்திரத் துப்பாக்கி நிலைகளை அழித்து 17 பேரைச் சிறைப்பிடித்தவர். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. 2009இல், 90 வயதில், வர்ஜீனியாவில் தன் வீட்டு முற்றத்தில் தேசியக் கொடிக் கம்பம் நட்டார். குடியிருப்போர் சங்கம் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் விட்டது. மனிதர் அசையவில்லை. சங்கம்தான் பின்வாங்கியது.

இதில் நெஞ்சைத் தொட்டது லீ முகாம்தான். அது கிரெக்-ஆடம்ஸ் ஆனது. சாரிட்டி ஆடம்ஸ், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் கறுப்பினப் பெண்களின் தபால் படைப்பிரிவை நடத்தியவர். ஆர்தர் கிரெக், கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து லெஃப்டினென்ட் ஜெனரலாக உயர்ந்தவர். 1950இல் இளம் அதிகாரியாக இதே லீ முகாமுக்கு வந்தபோது, கறுப்பர் என்பதால் அதிகாரிகள் கிளப்புக்குள் அவரை விடவில்லை. 2023 ஏப்ரல் 27 அன்று அந்த முகாமே அவர் பெயருக்கு மாறிய விழாவில், 94 வயதுக் கிரெக் முன்வரிசையில் இருந்தார். நவீன காலத்தில் உயிரோடிருக்கும்போதே ஒரு ராணுவத் தளத்துக்குப் பெயர் கொடுத்த முதல் ஆள் அவர்.

ஆணையம் சறுக்கிய இடம் ப்ராக். ஒன்பதில் அது மட்டும் மனிதர் பெயர் பெறவில்லை. யாரை வைப்பது என்று ஊருக்குள் ஒத்துப்போகவில்லை. பாராசூட் படைக்காரர்களுக்கு ஒரு நாயகன், சிறப்புப் படைக்காரர்களுக்கு இன்னொருவர். ஊரில் நடந்த கூட்டமொன்றில், மகனைப் போரில் பறிகொடுத்த தாய் ஒருவர், அவன் உயிரைக் கொடுத்தது சுதந்திரத்துக்காக என்று பேசியதிலிருந்து லிபர்ட்டி என்ற பெயர் பிறந்ததாகச் சொன்னார்கள். பின்னணி நல்லதுதான். ஆனால் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வைக்கிற பெயர் அது. தலைமுறை தலைமுறையாக ப்ராக்கில் குதித்துப் பழகியவர்களுக்கு அது வாயில் ஒட்டவில்லை. கவாஸோஸையோ கிரெக்கையோ எதிர்த்து ஒருவர் பேச வேண்டுமென்றால் ஒரு மனிதரை எதிர்த்துப் பேச வேண்டும். லிபர்ட்டியைக் கிண்டல் செய்ய எந்தக் கூச்சமும் தேவையில்லை. 2023 ஜூனில் பெயர்ப்பலகை மாறிய அதே மாதம், அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசான்டிஸ் பழைய பெயரை மீட்பேன் என்று பிரசாரத்தில் வாக்குறுதி கொடுத்தார். 2024இல் டிரம்ப்பும் பக்கத்து ஊரான ஃபாயெட்வில்லிலேயே அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

பெயர் ஒன்று, ஆள் வேறு

ஆட்சிக்கு வந்தாயிற்று. ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. கான்ஃபெடரேட் ஆளைக் கௌரவிக்க முடியாது. அதனால் பழைய பதக்கப் பட்டியல்களில் அதே குடும்பப் பெயர் உள்ளவர்களைத் தேடினார்கள். ரோலண்ட் ப்ராக் கிடைத்தார்: 1944-45 குளிர்காலத்தில் பெல்ஜியத்தில் நடந்த பல்ஜ் சண்டையில் சில்வர் ஸ்டார் என்ற வீரப்பதக்கம் பெற்றவர், ஜெர்மானியர்களின் ஆம்புலன்ஸ் ஒன்றையே ஓட்டிக்கொண்டு வந்து அடிபட்ட தோழரைக் காப்பாற்றியவர். மார்ச் மாதம் பென்னிங் திரும்பியது. இந்த முறை ஃப்ரெட் பென்னிங், முதல் உலகப் போரில் பதக்கம் பெற்ற கார்ப்பரல், பிற்பாடு நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூரின் மேயர். மூர் தம்பதியின் குடும்பத்தார் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. அந்தத் தம்பதி அடக்கமாகியிருப்பதும் அதே முகாமில்தான்.

2025 ஜூன் 10 அன்று டிரம்ப் ப்ராக் முகாமில் வீரர்கள் முன்னால் நின்று மீதி ஏழையும் அறிவித்தார். பட்டியலில் ஃபோர்ட் ராபர்ட் ஈ. லீ என்றே சொன்னார். அதே நாளில் ராணுவம் வெளியிட்ட அறிவிப்பிலோ லீ என்பது ஃபிட்ஸ் லீ: ஸ்பெயினுடனான போரில் கியூபாவில், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் வென்ற கறுப்பினச் சிப்பாய். மேடையில் ஒரு லீ, காகிதத்தில் இன்னொரு லீ. கேட்க வந்தவர்களுக்கு எந்த லீ வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அதுதான்.

கார்டனுக்கு 1993இல் சோமாலியாவின் மொகாதிஷுவில் உயிர் கொடுத்த கேரி கார்டன் கிடைத்தார். இது பொருத்தமான பெயர் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். முதலிலேயே ஆணையம் இதைச் செய்திருந்தால், அந்த முகாமுக்கு முன்னாள் அதிபர் ஐசன்ஹோவரின் பெயரை வைத்து அவரைத் தொந்தரவு செய்திருக்க வேண்டாம். அந்த முறைமீது எனக்குப் பகை இல்லை. உள்ளூர்க்காரர் வாயில் பழகிய பெயரை வைத்துக்கொண்டே, அதன் பின்னால் இருக்கும் ஆளை மாற்றுவது 2021இலேயே யோசித்திருக்கக்கூடிய சமரசம். கோபம் வருவது வேறு காரணத்துக்காக. ரோலண்ட் ப்ராக்கைத் தேர்ந்தெடுத்தது அவர் செய்ததற்காக இல்லை, அவர் பெயருக்காக. அந்த மனிதருக்கு அது கௌரவமா?

பெயரை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும் என்ற வாதம் எப்போதுமே எனக்குப் பலவீனமாகத்தான் பட்டது. ப்ராக் முகாமில் பயிற்சி பெற்ற பெரும்பாலானவர்களுக்கு ப்ராக்ஸ்டன் யார் என்றே தெரியாது. பெயர் இருந்த நூறு வருடமும் அது யாருக்கும் வரலாறு சொல்லிக்கொடுக்கவில்லை. விவாதம் கிளம்பிய பிறகுதான் ஊரே அவரைப் பற்றிப் படித்தது. ஆனால் எதிர்த்தரப்பின் இன்னொரு வாதத்தை ஒதுக்க முடியாது. இருபது வருடம் அங்கே வாழ்ந்தவருக்கு ப்ராக் என்றால் முதல் முறை விமானத்திலிருந்து குதித்த இடம், பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி, திரும்பி வராத நண்பனோடு குடித்த கடை. அந்தப் பாசம் அடிமை முறைமீது வைத்த பாசம் இல்லை. பெயர் மாற்றத்தை ஆதரித்தவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். அதற்கான விலைதான் லிபர்ட்டி.

நாடாளுமன்றம் விட்ட ஓட்டையும் உண்டு. யாருடைய பெயர் இருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. யாருடைய பெயர் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை; அதை ஆணையத்தின் பரிந்துரைக்கும் அமைச்சரின் உத்தரவுக்கும் விட்டுவிட்டது. ஒன்பது புதிய பெயர்களையும் பிறகு ஒரு சட்டமாகவே நிறைவேற்றியிருந்தால், விமானத்தில் போட்ட ஒரு கையெழுத்து அவற்றை அசைத்திருக்காது. கவாஸோஸுக்குக் கொரியப் போர் வீரத்துக்காக 2025 ஜனவரியில் மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. ஐந்து மாதத்தில் முகாமின் பெயர் போனது. கிரெக் 2024 ஆகஸ்டில் 96 வயதில் காலமாகிவிட்டார்.

மிச்சம் வர்ஜீனியாவின் ஏ.பி. ஹில். அதற்கு 2023இல் வைத்தது டாக்டர் மேரி வாக்கரின் பெயர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் அறுவைச் சிகிச்சை செய்தவர், 1864இல் கான்ஃபெடரேட்டுகளிடம் பிடிபட்டு ரிச்மண்டில் சிறையிருந்தவர், மெடல் ஆஃப் ஹானர் பெற்ற ஒரே பெண். 1917இல் ராணுவம் அந்தப் பதக்கத்தைப் பறித்தது. 1977இல் திருப்பிக் கொடுத்தது. 2025இல் முகாமின் பெயரை எடுத்துக்கொண்டது. அவருக்குப் பதிலாக ஒரே ஹில்லைத் தேடி அலுத்துப்போனார்களோ என்னவோ, மூன்று பேரைச் சேர்த்துவிட்டார்கள்: புரூஸ் ஆண்டர்சன், ராபர்ட் பின், எட்வர்ட் ஹில். ஆங்கிலத்தில் முதல் இருவரின் முதலெழுத்தை எடுத்தால் ஏ, பி, கடைசியில் ஹில். மூவருமே வடக்குப் படையில் போரிட்டு மெடல் ஆஃப் ஹானர் வாங்கியவர்கள். ஆண்டர்சனும் பின்னும் கறுப்பர்கள். 1864 செப்டம்பரில் ரிச்மண்டுக்கு வெளியே நடந்த சண்டையில், அதிகாரிகள் எல்லாரும் விழுந்த பிறகு தன் கம்பெனியை நடத்திச் சென்றவர் பின். எதிரே நின்றது லீயின் படை. ஜெனரல் ஏ.பி. ஹில் அந்தப் படையின் தளபதிகளில் ஒருவர்.